பச்சைத் திரையில் என்டர் எங்கே? டெர்மினல் எமுலேட்டரில் விசைகளை மாற்றி அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கிடங்கின் இருப்புப் பதிவில் 1500 என்று இருந்த எண்ணை 25 ஆக மாற்ற வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அந்தக் கட்டத்துக்குப் போய் 25 அடித்தான், டேப் அழுத்தினான், மற்ற கட்டங்களையும் நிரப்பிவிட்டு என்டர் தட்டினான். மறுநாள் காலையில் பார்த்தால் இருப்பு 2500. முதல் இரண்டு இலக்கங்களின் மேல் 25 ஏறி உட்கார்ந்துகொண்டது, பின்னால் இருந்த 00 நகரவே இல்லை. பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஃபீல்டு எக்ஸிட் என்ற விசை. அது எங்கே இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பயனில்லை, எமுலேட்டர் (பழைய டெர்மினலைப் போலவே பிசியில் நடந்துகொள்ளும் மென்பொருள்) அதை வைத்திருந்த விசை அவனுடைய லேப்டாப்பில் கிடையாது.

ஏஎஸ்/400 என்று இன்னும் பலர் பழைய பெயரிலேயே கூப்பிடும் ஐபிஎம் ஐ கணினிகளில் வேலை செய்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அங்கே பயன்படுவது 5250 வகைத் திரை, பச்சைத் திரை என்பது இதைத்தான். மெயின்ஃபிரேமின் 3270 திரைக்கு எங்கே வழி பிரிகிறது என்பதையும், லினக்ஸ் சர்வர்களுக்குப் போகும் புட்டி என்ற எமுலேட்டரில் ஏன் கதையே வேறு என்பதையும் பின்னால் சொல்கிறேன். மெனு பெயர்கள் ஒரு பதிப்புக்கும் இன்னொன்றுக்கும் கொஞ்சம் மாறலாம்.

எந்த அடுக்கில் கோளாறு?

நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் அது நான்கு கை மாறித்தான் நிரலைச் சேர்கிறது. முதலில் கீபோர்டு. லேப்டாப்பில் எஃப்என் விசை இருப்பதால், எஃப்5 அழுத்தினால் எஃப்5 தான் போகும் என்று உறுதியில்லை, திரை வெளிச்சம் கூடலாம். இரண்டாவது விண்டோஸ் அல்லது மேக். மூன்றாவது எமுலேட்டர். நான்காவது மறுமுனையில் ஓடும் நிரல். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போகிறவர்களுக்கு நடுவில் ஐந்தாவதாக ஒரு கையும் உண்டு, தொல்லை அதிகம் தருவதும் அதுதான்.

எமுலேட்டரில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் செலவழித்து எந்த அடுக்கில் பிரச்சினை என்று பார்த்துவிடுங்கள். நோட்பேடைத் திறந்து, தகராறு செய்யும் விசையை அங்கே அழுத்துங்கள். எழுத்து விசை அங்கேயும் தப்பாக வந்தால் எமுலேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஃப்5 அழுத்தினால் நோட்பேடில் தேதியும் நேரமும் விழ வேண்டும், விழவில்லை என்றால் எஃப்என் பூட்டைப் பாருங்கள். பல லேப்டாப்புகளில் எஃப்என் கூட எஸ்கேப்பை அழுத்தினால் அந்தப் பூட்டு மாறும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் கீபோர்டு பகுதியில், எஃப்1, எஃப்2 விசைகளை வழக்கமான ஃபங்ஷன் விசைகளாகப் பயன்படுத்து என்ற பொத்தான் இருக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது அடுக்கில் ஒரு தனிப் பொறி உண்டு. தமிழ்99 தளவமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது எமுலேட்டருக்குள் போனால், நீங்கள் அடிப்பது தமிழ் எழுத்தாகத்தான் உள்ளே போகும். அமெரிக்க ஆங்கிலத்துக்கான 037 குறிமுறையில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது, அதனால் திரை அதை ஏற்காது. கீபோர்டு செத்துவிட்டது என்று நினைத்து லேப்டாப்பை மறுபடி தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறினால் போதும். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆல்ட்டும் எண்ணும் சேர்ந்த அழுத்தல்களை அது தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். எமுலேட்டரில் அதே சேர்க்கையை வேறு எதற்காவது வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஏன் இப்படி வைத்தார்கள்?

ஐபிஎம் 3270 டெர்மினல்களை அறிவித்தது 1971இல். 5250 வரிசை 1977இல் சிஸ்டம்/34 கணினியோடு வந்தது. பிசி வந்ததே 1981இல்தான். அந்த டெர்மினல்களில் பிறகு வந்த பெரிய கீபோர்டுகளுக்கு 122 விசைகள். மேலே இரண்டு வரிசையாக 24 ஃபங்ஷன் விசைகள், இடது ஓரத்தில் பத்துத் தனி விசைகள். 3270 கீபோர்டில், இன்று என்டர் இருக்கும் இடத்தில் இருந்த பெரிய விசை கர்சரை அடுத்த வரிக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். கணினிக்கு அனுப்பும் உண்மையான என்டர் ஸ்பேஸ் பட்டைக்கு வலப்பக்கம், கீழ் வரிசையில் இருந்தது.

பிசி கீபோர்டில் அதே இடத்தில் இருப்பது வலது கண்ட்ரோல். ஐபிஎம் பெர்சனல் கம்யூனிகேஷன்ஸ் எமுலேட்டரின் ஐபிஎம் டிஃபால்ட் அமைப்பில், 3270 திரையில் வலது கண்ட்ரோல் என்டராகவும் இடது கண்ட்ரோல் ரீசெட்டாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். டெர்மினலில் பழகிய விரல்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த விரல்களில் பாதி ஓய்வு பெற்றுவிட்டன, ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதில் புதிதாக ஒரு கூத்தும் சேர்ந்திருக்கிறது. 2024 முதல் வரும் பல விண்டோஸ் லேப்டாப்புகளில் வலது கண்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் கோபைலட் விசை உட்கார்ந்திருக்கிறது. அதை அழுத்தினால் உள்ளே போவது இடது ஷிஃப்ட், விண்டோஸ் விசை, எஃப்23 மூன்றும் சேர்ந்த ஒரு சேர்க்கை. வழக்கமான பிசி கீபோர்டில் இடமே கிடைக்காத எஃப்23 இப்படியா திரும்பி வர வேண்டும்!

விசையின் வேலை என்ன?

5250இலும் 3270இலும் நீங்கள் கட்டங்களில் அடிக்கும் எழுத்துகள் உடனே கணினிக்குப் போவதில்லை. அவை உங்கள் திரையிலேயே நிற்கும். என்டரோ ஒரு எஃப் விசையோ அழுத்தும்போதுதான் மாறிய கட்டங்கள் எல்லாம் ஒரே கட்டாகப் போகும். ஆகவே எந்த விசைக்கு என்ன வேலை என்பதை எமுலேட்டரே முடிவு செய்துவிடலாம். மறுமுனைக்குப் போய்ச் சேர்வது "என்டர்" என்ற செய்தி மட்டுமே. அதை வலது கண்ட்ரோலில் அழுத்தினீர்களா, எண் பலகையில் அழுத்தினீர்களா என்று அங்கே யாருக்கும் தெரியாது. தைரியமாக மாற்றலாம்.

மாற்றுவதற்கு முன்னால் சில வேலைகளின் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

டேப் கர்சரை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும், வேறொன்றும் செய்யாது. ஃபீல்டு எக்ஸிட் மூன்று வேலை செய்யும்: கர்சரிலிருந்து கட்டத்தின் கடைசி வரை இருப்பதை அழிக்கும், கட்டம் அப்படி வரையறுக்கப்பட்டிருந்தால் எண்ணை வலப்பக்கம் ஒதுக்கும், பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகும். 1500 ஐ 25 ஆக்க வேண்டிய இடத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2475 மூட்டை.

ஃபீல்டு பிளஸ், ஃபீல்டு மைனஸ் இரண்டும் ஃபீல்டு எக்ஸிட்டின் தம்பிகள். எண்ணை நேர்மமாகவோ எதிர்மமாகவோ ஆக்கிவிட்டு அடுத்த கட்டத்துக்கு நகரும். குறிக்கென்று கடைசி இடம் ஒதுக்கிய கட்டமாக இருந்தால் அங்கே − தெரியும். எண்கள் மட்டும் ஏற்கும் வேறு வகைக் கட்டத்தில் ஃபீல்டு மைனஸ் அழுத்தினால் 123 என்பது 12எல் என்று மாறி நிற்கும், 120 என்றால் கடைசியில் } வரும். பயப்பட வேண்டாம், அது கோளாறில்லை. ஐபிஎம் கணினிகள் எழுத்துகளைப் பதியும் எப்சிடிக் குறிமுறையில் கடைசி இலக்கத்தின் மேல் பாதியில் எதிர்மக் குறியை ஏற்றிவைப்பதால் அது எழுத்தாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ரீசெட் பூட்டிய கீபோர்டைத் திறக்கும். எழுதக் கூடாத இடத்தில் எழுத முயன்றால் கீழே 0005 என்ற பிழை எண் வந்து எல்லாம் உறைந்துவிடும். அங்கே வேண்டியது ரீசெட்.

அட்டென்ஷன் விசை, நிறுவனம் அதற்கென்று அமைத்துவைத்த நிரலையோ மெனுவையோ அழைக்கும். சிஸ்டம் ரிக்வெஸ்ட் இன்னும் கனமானது. அது தரும் மெனுவில் 2 அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடித்துவைக்கப்படும், 90 என்றால் சைன் ஆஃப். கை தவறி விழும் இடத்தில் இதை வைக்காதீர்கள்.

ரோல் அப், ரோல் டவுன் என்ற பெயர்கள் எல்லாரையும் ஒரு தடவையாவது ஏமாற்றும். ரோல் அப் என்றால் திரையிலிருப்பது மேலே சுருளும், அதாவது அடுத்த பக்கம் வரும். ஆகவே ரோல் அப் வேலையைப் பேஜ் டவுன் விசையில்தான் வைக்க வேண்டும். பெயரைப் பார்த்துப் பேஜ் அப்பில் வைத்துவிட்டு, பட்டியல் ஏன் பின்னோக்கிப் போகிறது என்று நானும் ஒரு நாள் விழித்திருக்கிறேன்.

இனி வேலையைத் தொடங்கலாம்

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஐபிஎம் ஐ ஆக்சஸ் கிளையண்ட் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக ஏசிஎஸ். ஜாவாவில் எழுதியது என்பதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

படி 1. நகல் எடுங்கள். விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ், அதற்குள் ஐபிஎம், அதற்குள் ஐஆக்சஸ்கிளையண்ட், அதற்குள் எமுலேட்டர் என்ற அடைவுக்குப் போனால் உங்கள் செஷன்கள், அதாவது அமைத்துவைத்த இணைப்புகள், எச்ஓடி என்று முடியும் கோப்புகளாக இருக்கும். அந்த அடைவையே அப்படியே நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஐந்து விநாடி வேலை. அமைப்பைச் சொதப்பினால் திரும்ப வழி இதுதான்.

படி 2. எமுலேட்டர் செஷனைத் திறந்து எடிட் மெனு, பிரிஃபரன்சஸ், கீபோர்டு என்று போங்கள். திறக்கும் சாளரத்தில் மேலே வகை என்ற கீழிறங்கு பட்டியல் இருக்கும். ஹோஸ்ட் ஃபங்ஷன்ஸ் என்பதில்தான் என்டர், ஃபீல்டு எக்ஸிட், எஃப்1 முதல் எஃப்24 வரை எல்லாம் இருக்கின்றன. மெனு கமாண்ட்ஸில் நகலெடுப்பது, ஒட்டுவது போன்றவை. மேக்ரோ (பதிந்துவைத்த விசைத் தொடர்), எழுத்து, கஸ்டம் ஃபங்ஷன் ஆகியவற்றுக்கும் தனித்தனி வகை உண்டு.

படி 3. எதையும் தொடாமல் முதலில் படியுங்கள். என்டர், ஃபீல்டு எக்ஸிட், ரீசெட், அட்டென்ஷன், சிஸ்டம் ரிக்வெஸ்ட், திரையைத் துடைக்கும் கிளியர், இந்த ஆறும் இப்போது எந்த விசையில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலருக்கு இந்தப் படியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தேடிய விசை பத்து வருடமாக அங்கேயே இருந்திருக்கும்.

படி 4. மாற்ற வேண்டிய வேலையைத் தேர்ந்தெடுத்து, அசைன் எ கீ பொத்தானை அழுத்திவிட்டு, வேண்டிய விசையைத் தட்டுங்கள். அந்த விசையில் ஏற்கெனவே வேறு வேலை இருந்தால் எமுலேட்டர் கேட்கும். அப்போது யோசிக்காமல் சரி என்று தட்டிவிடாதீர்கள். அங்கிருந்து வெளியேறும் வேலைக்கு இன்னொரு விசை இருக்கிறதா என்று பார்த்த பிறகு தட்டுங்கள்.

எதை எங்கே வைப்பது? எண்கள் நிறைய அடிக்கும் ஆட்களுக்கு நான் அமைத்துக்கொடுப்பது இப்படி. பெரிய என்டர் விசையில் என்டர். எண் பலகையின் என்டரில் ஃபீல்டு எக்ஸிட். எண் பலகையின் + விசையில் ஃபீல்டு பிளஸ், − விசையில் ஃபீல்டு மைனஸ். வலது கை எண் பலகையை விட்டு நகராமலேயே ஒரு பக்கம் முழுக்க நிரப்பிவிடலாம். ஒரு குறை உண்டு: தேதியிலோ தொலைபேசி எண்ணிலோ − போட எண் பலகை இனி உதவாது, மேல் வரிசைக்குப் போக வேண்டும். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

எண் பலகை இல்லாத லேப்டாப்பில் ஃபீல்டு எக்ஸிட்டை வலது கண்ட்ரோலில் வைப்பேன். அதுவும் இல்லையென்றால் ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்து. நாளொன்றுக்கு ஆயிரம் முறை அழுத்தும் வேலைக்கு இரண்டு விசை என்பது எனக்குப் பிடித்தமில்லைதான். ஒரு சாதாரண யூஎஸ்பி எண் பலகை வாங்கிச் செருகுவதே மேல். மேக்புக்கில் வலப்பக்கம் கண்ட்ரோலே கிடையாது என்பதால் அங்கேயும் இதேதான்.

பல 5250 எமுலேட்டர்களில் எஸ்கேப் விசை அட்டென்ஷன், ஷிஃப்ட்டோடு சேர்த்தால் சிஸ்டம் ரிக்வெஸ்ட். வெளியே வர எஸ்கேப்பைத் தட்டிப் பழகிய இன்றைய ஆட்களுக்கு இது சரிப்படாது. திடீரென்று ஏதோ ஒரு மெனு வந்து நின்றால் திகைத்துப்போவார்கள். எஸ்கேப்பில் ரீசெட்டை வைத்துவிட்டு, அட்டென்ஷனைக் கண்ட்ரோல் எஃப்11 போன்ற தூரமான இடத்துக்குத் தள்ளுங்கள். கண்ட்ரோலும் எஸ்கேப்பும் சேர்ந்ததை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், விண்டோஸ் அதைத் தன் ஸ்டார்ட் மெனுவுக்கு எடுத்துக்கொள்ளும். ஆல்ட் டேப், விண்டோஸ் விசை சேர்ந்தவை எல்லாம் இதே கதைதான்: எமுலேட்டரின் கைக்கே வராது.

எஃப்13 முதல் எஃப்24 வரை ஷிஃப்ட்டோடு இருக்கட்டும், மாற்ற வேண்டாம். கணக்கு எளிது. வேண்டிய எண்ணிலிருந்து 12 ஐக் கழியுங்கள், வருவதை ஷிஃப்ட்டோடு அழுத்துங்கள். எஃப்16 என்றால் ஷிஃப்ட் எஃப்4. ஒன்று மட்டும்: யோசித்துக்கொண்டே ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் பற்றிக் கேட்கும். அதை அணுகல் அமைப்புகளில் போய் நிறுத்திவிடலாம்.

படி 5. உண்மையான தரவைத் தொடாமல் சோதியுங்கள். அதற்கு சைன் ஆன் திரையே போதும், பயனர் பெயர், கடவுச்சொல் தவிர இன்னும் மூன்று கட்டங்கள் அங்கே வழக்கமாக இருக்கும். முதல் கட்டத்தில் ஆறு எழுத்து அடியுங்கள். கர்சரை மறுபடி அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் ஒரே ஒரு எழுத்து அடித்து ஃபீல்டு எக்ஸிட் அழுத்துங்கள். மீதி ஐந்தும் அழிந்து கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போனால் சரி. அழியாமல் நகர்ந்தால் நீங்கள் வைத்தது டேப். திரையே மாறினால் வைத்தது என்டர். அடுத்து, கட்டம் இல்லாத இடத்தில் கர்சரை வைத்து ஒரு எழுத்து தட்டுங்கள், 0005 வரும், ரீசெட் விசை அதைத் திறக்கிறதா என்று பாருங்கள்.

படி 6. சேமியுங்கள். விசை அமைப்பைக் கேஎம்பி என்று முடியும் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால் பக்கத்து மேசைக்காரருக்கும் கொடுக்கலாம், புது லேப்டாப் வரும்போதும் உதவும். பெர்சனல் கம்யூனிகேஷன்ஸிலும் கேஎம்பி கோப்பு உண்டு, ஆனால் உள்ளமைப்பு வேறு. பெயரைப் பார்த்து அப்படியே இங்கே தூக்கிவைக்க முடியாது. ஏசிஎஸ் செஷன் மேனேஜரில் ஃபைல் மெனுவில் இருக்கும் இம்போர்ட் வழியாக அதன் பழைய டபிள்யூஎஸ் என்ற செஷன் கோப்பைக் கொண்டுவந்துவிட்டு, படி 5 சோதனையை மறுபடி செய்யுங்கள்.

விசையில் கட்டளையோ மேக்ரோவோ வைக்கவும் முடியும். அடிக்கடி தட்டும் கட்டளையை கஸ்டம் ஃபங்ஷனில் எழுதி ஒரு விசையில் வைத்தால் நேரம் மிச்சம். அதன் கடைசியில் என்டரைச் சேர்க்காதீர்கள் என்பது என் கட்சி. கட்டளை திரையில் விழட்டும், கண் பார்க்கட்டும், பிறகு கை என்டர் அழுத்தட்டும். தப்பான திரையில் அந்த விசை தட்டுப்பட்டால் அதன் அருமை புரியும். கடவுச்சொல்லை மேக்ரோவில் வைப்பது வேண்டவே வேண்டாம். மேக்ரோ என்பது வெறும் எக்ஸ்எம்எல் உரை, யார் திறந்தாலும் படிக்கலாம்.

3270 திரை என்றால்

முறை அதேதான், விசைகளின் பட்டியல் மாறும். இங்கே ரோல் விசைகள் இல்லை. எஃப் விசைகளுக்கு இங்கே பிஎஃப் என்று பெயர். மெயின்ஃபிரேமில் மெனுவும் எடிட்டரும் தரும் ஐஎஸ்பிஎஃப் திரைகளில் பிஎஃப்7 மேலே, பிஎஃப்8 கீழே என்பதால் பேஜ் அப்பில் பிஎஃப்7ஐயும் பேஜ் டவுனில் பிஎஃப்8ஐயும் வைத்துவிட்டால் நிம்மதி. பிஏ1, பிஏ2, கிளியர் ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன என்று கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். மெயின்ஃபிரேமில் கட்டளை தட்டும் சூழலான டிஎஸ்ஓவில் முடிவில்லாமல் ஓடும் ஒன்றை நிறுத்த பிஏ1 வேண்டும், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஐஎஸ்பிஎஃப்பில் நான்காவது அடுக்கும் கண்ணுக்குத் தெரியும். கட்டளை வரியில் கீஸ் என்று அடித்தால் ஒவ்வொரு பிஎஃப் விசைக்கும் எந்தக் கட்டளை என்ற பட்டியல் வரும், அங்கேயே மாற்றலாம். அது உங்கள் பயனர் கணக்கோடு போகும், எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் கூடவே வரும். எமுலேட்டரில் செய்தது அந்த லேப்டாப்போடு நின்றுவிடும். இரண்டு இடத்திலும் ஒரே விசையை மாற்றிவிட்டு, அழுத்தினால் என்ன ஆகிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. பிஎஃப் எண் எமுலேட்டரின் பொறுப்பு, அந்த எண்ணுக்குப் பொருள் மறுமுனையின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

புட்டியில் கதை வேறு

டிஇசி நிறுவனத்தின் விடி100 டெர்மினல் 1978இல் வந்தது. இன்று யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் இருக்கும் பெரும்பாலான எமுலேட்டர்கள் அதன் வாரிசுகள். இங்கே கட்டமும் இல்லை, மொத்தமாக அனுப்புவதும் இல்லை. தட்டிய ஒவ்வொரு விசையும் அந்தக் கணமே பைட்டுகளாக மறுமுனைக்குப் போகிறது. எழுத்து விசைக்கு ஒரு பைட். எஃப்1 போன்றவற்றுக்கு எஸ்கேப் குறியில் தொடங்கும் ஒரு சின்னத் தொடர். ஆகவே மறுமுனை எந்தத் தொடரை எதிர்பார்க்கிறதோ அதையே நீங்கள் அனுப்ப வேண்டும்.

புட்டியில் விசைக்கு விசை மாற்றும் வசதி கிடையாது. டெர்மினல், அதற்குக் கீழே கீபோர்டு என்ற பக்கத்தில் சில தேர்வுகள் மட்டும் உண்டு. அடிக்கடி தேவைப்படுவது பேக்ஸ்பேஸ். அது 127 என்ற குறியை அனுப்பலாம், அல்லது 8ஐ அனுப்பலாம். புட்டியின் இயல்பு 127, லினக்ஸுக்கு அது பொருந்தும். பேக்ஸ்பேஸ் அழுத்தும்போது எழுத்து அழியாமல் ^? என்று திரையில் விழுந்தால் மறுமுனை 8ஐ எதிர்பார்க்கிறது, மற்றதற்கு மாறுங்கள்.

எஃப் விசைகள் வேலை செய்யவில்லை என்றால் அதே பக்கத்தில் லினக்ஸ், எக்ஸ்டெர்ம் ஆர்6, விடி400, எஸ்சிஓ என்று தேர்வுகள் இருக்கும். இயல்பு நிலையில் எஃப்1 அனுப்புவது எஸ்கேப்பும் அதைத் தொடர்ந்து [11~ என்பதும். பழைய எஸ்சிஓ யூனிக்ஸில் எழுதிய கணக்கு மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளாது, அங்கே எஸ்சிஓவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விஐ எடிட்டரில் எண் பலகையைத் தட்டினால் எண்ணுக்குப் பதில் கண்ட எழுத்துகள் விழுகின்றனவா? ஃபீச்சர்ஸ் பக்கத்தில் அப்ளிகேஷன் கீபேட் முறையை முடக்குங்கள்.

மாற்றிய பிறகு செஷன் பக்கத்துக்குத் திரும்பிப் போய், பெயரைத் தேர்ந்தெடுத்து, சேவ் அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் "நேற்று சரி செய்தேன், இன்று மறுபடி போய்விட்டது" என்கிறார்கள்.

இன்னொன்று, விசை மாற்றத்தோடு சம்பந்தமில்லை என்றாலும் இங்கே சொல்லாவிட்டால் யாராவது கீபோர்டை மாற்றுவார்கள். விண்டோஸ் பழக்கத்தில் கண்ட்ரோல் எஸ் தட்டினால் திரை அப்படியே நின்றுவிடும். அது மறுமுனையைப் பொறுத்திரு என்று சொல்லும் பழைய சைகை. கண்ட்ரோல் க்யூ தட்டினால் மறுபடி ஓடும்.

குறியீடுகள் மாறி விழுந்தால்

! அடித்த இடத்தில் ] வருகிறது, [ இருக்க வேண்டிய இடத்தில் ¢ நிற்கிறது என்றால் பலரும் நேரே விசை அமைப்புக்குத்தான் போகிறார்கள். போகாதீர்கள். எப்சிடிக்கில் அமெரிக்க 037 குறிமுறையும் சர்வதேச 500 குறிமுறையும் பெரும்பாலான எழுத்துகளில் ஒத்துப்போகும், இந்தச் சில குறிகளில் மட்டும் பிரியும். 037இல் ! என்று பதிந்தது 500இல் ] ஆகத் தெரியும். 500இல் [ என்று பதிந்தது 037இல் ¢ ஆகும். விசையை மாற்றி இதைச் "சரி" செய்தால் உங்கள் திரையில் அழகாகத் தெரியும், ஆனால் கோப்பில் தப்பான குறி போய் உட்காரும், சரியான குறிமுறை வைத்திருக்கும் மற்ற எல்லாருக்கும் கோணலாகத் தெரியும். செஷன் அமைப்பில் ஹோஸ்ட் கோட் பேஜ் என்ற இடத்தைப் பாருங்கள், உங்கள் கணினி நிர்வாகி சொல்லும் எண்ணை அங்கே வையுங்கள்.

குறிமுறை சரியாக இருந்தும் பிசி கீபோர்டில் இல்லாத குறி வேண்டும் என்றால் அப்போது விசை அமைப்புக்கு வரலாம். பழைய நிரல்களில் வரும் ¬ அப்படி ஒன்று. ஏசிஎஸ்ஸில் எழுத்து வகைக்குள் போய் அதற்கு ஒரு விசை கொடுங்கள். நான் ஆல்ட்டையும் 6ஐயும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். என்எச்எம் ரைட்டர் இருந்த ஒரு கணினியில் அது முரண்டு பிடித்ததால் இப்போது கண்ட்ரோலும் 6ம்.